ரூட்டரை மூடிய மதியம்

கல்லூரியில் என் பதவிக்கு சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர் என்று பெயர். அந்தப் பெயரை அப்பா ஒருநாளும் முழுதாகச் சொன்னதில்லை. யாராவது கேட்டால் "கம்ப்யூட்டர் வேல" என்று முடித்துக்கொள்வார். கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து காலை ஏழே காலுக்குப் பஸ் ஏறித் திருவண்ணாமலையில் இறங்கி, அங்கிருந்து கல்லூரி பஸ்ஸைப் பிடித்து வேங்கிக்காலைத் தாண்டிப் போவேன். எங்கள் குடும்பத்தில் மாதச் சம்பளத்துக்குப் போன முதல் பெண் நான். வேலை இருக்கும்வரை கல்யாணப் பேச்சு வேண்டாம் என்று அப்பாவுக்கும் எனக்கும் நடுவே வாய்விட்டுப் பேசாத ஓர் ஏற்பாடு இருந்தது. வேலை போனால் அதுவும் போய்விடும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் செய்த காரியத்துக்கு இது நியாயம் ஆகாது. ஆனால் அப்போது என் மனதில் இருந்தது இதுதான்.

புது நூற்றாண்டு பிறந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. கல்லூரியில் இரண்டு கட்டடங்கள். ஒன்றில் வகுப்பறைகளும் கம்ப்யூட்டர் லேபும். இன்னொன்றில் முதல்வர் அறை, அலுவலகம், பரீட்சைப் பிரிவு. இரண்டு கட்டடத்துக் கணினிகளும் ஒரே இணைய இணைப்பைத்தான் பயன்படுத்தின. அந்த இணைப்பைப் பிரித்துக் கொடுத்தது ஒரு ரூட்டர். லேபில் உட்கார்ந்திருக்கும் மாணவன் அலுவலகக் கணினியை எட்டிவிடாமல் தடுப்பதும் அதன் வேலைதான். அதற்கென ஒரு தடையை அதில் எழுதி வைத்திருந்தோம்.

ரூட்டரை மாட்டியவர் சென்னையிலிருந்து ஒரே ஒரு நாள் வந்து போன இன்ஜினியர். மதியச் சாப்பாடுகூடச் சாப்பிடாமல் வேலை பார்த்தார். சாயங்காலம் பையை மாட்டிக்கொண்டே, "எல்லாம் தொறந்துதான் இருக்கு மேடம். டெஸ்ட் பண்றதுக்காக அப்பிடியே விட்டிருக்கேன். நீங்க அப்புறமா ஒண்ணொண்ணா மூடிடுங்க" என்றார். எதை எதை மூட வேண்டும் என்று கேட்டேன். இணையத்தில் தேடினால் பட்டியலே கிடைக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கிடைக்கத்தான் செய்தது. டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் அச்சடித்தபோது இரண்டரைத் தாள் வந்தது. ரூட்டர் பெட்டியிலிருந்து வரும்போதே பல சேவைகள் அதில் தானாக ஓடிக்கொண்டிருக்கும், தேவையில்லாதவற்றை நிறுத்திவிட வேண்டும் என்பதுதான் அதன் சாரம். இப்போது உள்ளே யார் இருக்கிறார்கள் என்று கேட்பவர்களுக்கெல்லாம் பதில் சொல்லும் ஒரு சேவை. பிரவுசர் வழியாக ரூட்டரைத் திறக்க விடும் இன்னொன்று. தன் மாடல் என்ன, வெர்ஷன் என்ன என்று பக்கத்துக் கருவிகளிடம் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும் மற்றொன்று. பட்டியலின் முதல் வரியில் இருந்தது டெல்நெட். வேறு இடத்தில் இருந்தபடியே ரூட்டருக்குள் நுழைந்து வேலை செய்வதற்கான வழி அது. அதில் ஒரு கோளாறு உண்டு. நாம் தட்டுவதெல்லாம், பாஸ்வேர்டு உட்பட, மறைக்கப்படாமல் அப்படியே ஒயரில் போகும். அதே ஒயரில் இருக்கும் இன்னொரு கணினியில் அதற்கான புரோகிராம் இருந்தால் போதும், எழுத்து எழுத்தாகப் படித்துவிடலாம்.

இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்தும் மூடவில்லை. ரூட்டர் இருந்தது அலுவலகக் கட்டடத்தின் மாடியில், ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறையில். சாவி நிர்வாக அதிகாரியிடம் இருக்கும். ஒவ்வொரு முறை போய்க் கேட்கும்போதும், "இன்னிக்கு இன்னாம்மா ஆச்சு?" என்று நான்தான் எதையோ உடைத்துவிட்டதுபோலப் பார்ப்பார். டெல்நெட் இருந்தால் அவர் முகத்தில் விழிக்காமல் லேபில் என் மேசையிலிருந்தே வேலை முடிந்துவிடும். அடுத்த வாரம் மூடிக்கொள்ளலாம் என்று பட்டியலை டிராயரில் போட்டேன். எட்டு மாதம் அது அங்கேயே கிடந்தது.

பரீட்சைப் பிரிவில் ஓர் அக்கா இருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். மாணவர்களின் இன்டர்னல் மார்க்கைக் கணினியில் ஏற்றுவது, சரிபார்ப்பது, அச்செடுத்துத் துறைகளுக்கு அனுப்புவது எல்லாம் அவர் பொறுப்பு. டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவர். கீபோர்டைப் பார்க்காமலே அடிப்பார். தப்பு அடித்தால் விரலே சொல்லிவிடும் என்பார். ஒரு மார்க்ஷீட்டை மூன்று முறை ஒத்துப் பார்க்காமல் கீழே வைக்க மாட்டார். அவர் கணவர் கோயில் பக்கத்தில் ஒரு லாட்ஜில் மேனேஜர். குழந்தை இல்லை. அவருடைய சொந்த அக்காவின் மகன் எங்கள் கல்லூரியிலேயே மூன்றாம் வருடம் படித்தான். அவனுக்கு இடம் வாங்கித் தந்ததும், ஹாஸ்டலில் சேர்த்ததும், செருப்பு முதற்கொண்டு வாங்கிக் கொடுப்பதும் அவர்தான்.

மதியம் நாங்கள் இருவரும் அவர் மேசையிலேயே சாப்பிடுவோம். என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். நான் வேர்க்கடலைத் துவையல் கொண்டுபோகும் நாட்களில் டப்பாவையே இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொள்வார். யாரையும் தேடிப்போய்ப் பேச எனக்கு வராது. அந்தக் கல்லூரியில் நான் தயங்காமல் பேசிய ஒரே ஆள் அவர்தான்.

ஒரு பௌர்ணமியன்று வழக்கம்போல மதியத்தோடு அலுவலகத்தை மூடினார்கள். கிரிவலக் கூட்டம் வர ஆரம்பித்துவிட்டால் டவுனுக்குள் பஸ் போகாது. வெளியூர்க்காரர்கள் எல்லாம் ஒரு மணி பஸ்ஸிலேயே கிளம்பிவிடுவோம். நானும் கிளம்பினேன். போகும்போது பரீட்சைப் பிரிவில் எட்டிப் பார்த்தேன். அக்கா மட்டும் உட்கார்ந்திருந்தார். நீங்கள் வரவில்லையா என்று கேட்டேன். மறுநாள் காலையில் ஒரு துறைக்கு அச்சு போக வேண்டும், முடித்துவிட்டு நடந்தே போய்விடுவேன் என்றார். ஹாஸ்டல் மாணவர்களுக்காக லேபை நாலு மணிவரை திறந்து வைத்திருந்தார்கள். அதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு விரிவுரையாளர் தன் நோட்டில் இருந்த மார்க்கும் அச்சாகி வந்த மார்க்கும் ஒத்துப்போகவில்லை என்று கண்டுபிடித்தார். ஒரு மாணவனுக்குப் பதினொன்று பத்தொன்பதாகியிருந்தது. தேடிப் பார்த்ததில் மொத்தம் நாலு பேர், எல்லோரும் ஒரே வகுப்பு. நாலு பேரில் ஒருவன் அக்காவின் அக்கா மகன்.

மார்க் கோப்பு அக்காவின் கணினியில்தான் இருந்தது. துறைத்தலைவர்கள் பார்க்கவும் திருத்தவும் அதை அலுவலகத்துக்குள் பகிர்ந்து வைத்திருந்தோம். கோப்பு கடைசியாகத் திருத்தப்பட்டது பௌர்ணமியன்று மூன்று மணிக்கு என்று கணினி காட்டியது. அந்த நேரத்தில் அலுவலகத்தில் யார் இருந்தது என்று கேட்டபோது, "நான் மட்டுந்தான் சார் இருந்தேன்" என்று அக்காவே சொன்னார். பொய் சொல்லத் தெரிந்திருந்தால் அந்த இடத்தில் வேறு ஏதாவது சொல்லியிருப்பார்.

முதல்வர் என்னைக் கூப்பிட்டார். அறையில் நிர்வாக அதிகாரியும் ஒரு துறைத்தலைவரும் இருந்தார்கள். அக்கா ஓரமாக நின்றுகொண்டிருந்தார். யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை. வெளியிலிருந்து, உதாரணமாக லேபிலிருந்து, அந்தக் கோப்பை யாராவது தொட்டிருக்க முடியுமா என்று முதல்வர் கேட்டார்.

"முடியாது சார். ரூட்டர்ல தடுத்து வெச்சிருக்கோம்" என்றேன்.

அந்த நிமிடம் நான் அதை நம்பித்தான் சொன்னேன். தடை எழுதப்பட்டிருந்தது, அதை நானே பலமுறை சோதித்திருந்தேன். நிர்வாக அதிகாரி அக்காவைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டார். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் குற்றம் சொல்வது போல எதுவும் இல்லை. இவளுக்குத் தெரியும், இவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பது போன்ற குழப்பம்தான் இருந்தது.

வெளியே வந்த பிறகுதான் எனக்கு உறுத்தியது. அக்காவை எனக்குத் தெரியும். அவர் செய்யவில்லை என்றால் வேறு யாரோ செய்திருக்க வேண்டும். சாவி வாங்கிக்கொண்டு மாடிக்குப் போனேன். லேப்டாப்பையும் ரூட்டரையும் கேபிளால் இணைத்து, ரூட்டர் தன் நினைவில் வைத்திருக்கும் பதிவுகளை எடுத்துப் பார்த்தேன். ரூட்டரில் அதிகம் எதுவும் நடக்காது என்பதால் பழைய வரிகள் அழியாமல் இருந்தன. கீழிருந்து மேலாகப் படித்துக்கொண்டே வந்தேன். பௌர்ணமியன்று மதியம் இரண்டு ஐம்பதுக்கு ஒரு வரி. டெல்நெட் வழியாக யாரோ உள்ளே வந்து அமைப்பை மாற்றியிருக்கிறார்கள். மூன்று பதினாலுக்கு இன்னொரு வரி. அதே இடத்திலிருந்து மறுபடியும் மாற்றம். இரண்டிலும் இருந்த முகவரி லேபில் இரண்டாம் வரிசைக் கடைசிக் கணினியினுடையது.

அந்த நேரத்தில் நான் பஸ்ஸில் இருந்தேன். உள்ளே வந்தவன் என் பாஸ்வேர்டில் வந்திருக்கிறான். லேபில் உட்கார்ந்து நான் டெல்நெட்டில் நுழைந்த ஏதோ ஒரு நாளில் அதைப் பிடித்து வைத்திருக்கிறான். தடையை எடுத்துவிட்டு, அக்காவின் கணினிக்குப் போய், நாலு பேர் மார்க்கை மாற்றி, திரும்பி வந்து தடையை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறான். அக்கா அந்த நேரம் அதே கணினியின் முன்னால் வேறு ஏதோ அச்செடுத்துக்கொண்டு இருந்திருக்கிறார். அவரும் ஒரு மணி பஸ்ஸில் கிளம்பியிருந்தால் கணினி அணைந்திருக்கும், ஒன்றும் நடந்திருக்காது.

அந்த இரண்டு வரிகளைக் காட்டினால் அக்கா தப்பிவிடுவார். காட்டினால் அடுத்த கேள்வி என்னிடம் வரும். டெல்நெட்டை யார் திறந்து வைத்தது? எட்டு மாதமாக ஏன் மூடவில்லை? சற்று முன்புதான் முடியாது சார் என்று சொன்னது யார்? அறைக்குள் காற்றே இல்லை. ரூட்டரின் பச்சை விளக்குகள் மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தன. அப்பா கல்யாணப் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பது போல எனக்குத் தோன்றியது.

முதலில் மூடிவிடுவோம், பிறகு போய்ச் சொல்வோம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். லேபுக்குப் போய் டிராயரிலிருந்து பட்டியலை எடுத்துவந்தேன். முதல் வரியிலிருந்து ஆரம்பித்தேன். எங்கள் ரூட்டரில் இருந்த மென்பொருள் பழையது, மறைத்து அனுப்பும் பாதுகாப்பான வழி அதில் கிடையாது. அதனால் தொலைவிலிருந்து நுழையும் வழியையே முழுதாக அடைத்தேன். இனி கேபிளோடு மாடிக்கு வந்தால்தான் எதையும் செய்ய முடியும். பிரவுசர் வழியை நிறுத்தினேன். யார் உள்ளே இருக்கிறார்கள் என்று சொல்லும் சேவையை நிறுத்தினேன். ரூட்டரைத் தொலைவிலிருந்து கண்காணிக்க, எல்லாக் கருவிகளுக்கும் ஒன்றாகக் கம்பெனியே போட்டு அனுப்பும் பாஸ்வேர்டு மாறாமல் அப்படியே இருந்தது, அதையும் எடுத்தேன். பக்கத்துக் கருவிகளிடம் பேசுவதை நிறுத்தினேன். பாஸ்வேர்டுகளை மாற்றி, எளிதில் படிக்க முடியாத வடிவத்தில் சேமித்தேன். ஒவ்வொன்றையும் முடித்துவிட்டுத் தாளில் பேனாவால் ஒரு கோடு போட்டேன். பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றாகச் செய்வது அன்றைக்கு எனக்கு ஆறுதலாக இருந்தது. நல்ல காரியம் ஒன்றைச் செய்கிறோம் என்றுகூட நினைத்தேன்.

பட்டியலின் கடைசி வரி, எல்லாவற்றையும் சேமித்துவிட்டு ரூட்டரை அணைத்துப் போடச் சொன்னது. நிறுத்தியவை நிறுத்தியபடியே இருக்கின்றனவா என்று பார்ப்பதற்காக.

ரூட்டரை அணைத்தால் அந்தப் பதிவுகள் அழிந்துவிடும். இது எனக்குத் தெரியாது என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். தெரியும். இன்டர்வியூவில் என்னைக் கேட்டு நான் சரியாகப் பதில் சொன்ன கேள்வி அது. முதலில் அந்த இரண்டு வரிகளை லேப்டாப்பில் சேமிக்க அரை நிமிடம் போதும். தாளின் பின்பக்கம் பேனாவால் எழுதி வைத்திருக்கலாம். கையில் பேனா இருந்தது.

சுவிட்சை அணைத்தேன். பத்து எண்ணிவிட்டுப் போட்டேன். மறுபடி பதிவுகளைப் பார்த்தபோது, ரூட்டர் இப்போதுதான் எழுந்தது என்ற ஒரு வரி மட்டும் இருந்தது.

சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது நிர்வாக அதிகாரி எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கேட்டார். சரியாக இருக்கிறது என்றேன்.

அக்காவை நேரடியாக வேலையிலிருந்து நீக்கவில்லை. அவரே எழுதிக் கொடுத்துவிட்டுப் போகட்டும் என்றார்கள். போலீசுக்குப் போகாமல் இருப்பதே அவருக்குச் செய்யும் உபகாரம் என்று சொன்னார்களாம். நாலு மாணவர்களையும் ஒரு செமஸ்டருக்கு நிறுத்திவைத்தார்கள். நாலு பேரும் எங்களுக்கு எதுவுமே தெரியாது என்றார்கள். அவர்களில் யாராவது செய்தார்களா, அவர்களுக்காக வேறு எவனாவது செய்தானா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. லேப் ரிஜிஸ்டரில் அந்த மதியத்துக்கு ஒரு கையெழுத்துகூட இல்லை.

கடைசி நாளன்று அக்கா மதியம் சாப்பிட வரவில்லை. மூன்று மணி வாக்கில் லேபுக்கு வந்து என் மேசைக்கு எதிரே நின்றார். கையில் பையும் டிபன் டப்பாவும் இருந்தன. வகுப்பு நடந்துகொண்டிருந்ததால் குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்.

"உன்ன ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் பாப்பா. வேற யாராச்சும் உள்ள வந்திருக்க முடியுமா? எனக்கு இதெல்லாம் புரியாது. நீ சொன்னா நான் நம்பிக்கிறேன்."

"தெரியலக்கா" என்றேன்.

தலையை ஆட்டினார். "நானே தூக்கத்துல எதுனா பண்ணிட்டனான்னு தோணுது, அதான் கேட்டேன்" என்றார். பிறகு டிபன் டப்பாவைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். ஜன்னல் வழியாகப் பார்த்தால் கேட் வரை தெரியும். நான் பார்க்கவில்லை. மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா ஏதோ காற்று கருப்பு என்று நினைத்துத் திருநீறு பூசிவிட்டார். ஒருநாள் முதல்வர் தனியாக இருக்கும்போது போய் எல்லாவற்றையும் சொன்னேன். டெல்நெட், பாஸ்வேர்டு, இரண்டு வரிகள், நான் அணைத்துப் போட்டது எல்லாமே. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"இதுக்கு இப்ப எதுனா ஆதாரம் இருக்குதாம்மா?"

"இல்ல சார்."

"இப்ப எல்லாத்தையும் மூடிட்டீங்க இல்ல?"

"மூடிட்டேன் சார்."

"அப்ப விடுங்க. அட்மிஷன் நேரம். இத வெளிய பேசினா காலேஜுக்கும் கெட்ட பேரு, உங்களுக்கும் கெட்ட பேரு. அந்தம்மாவுக்கு நல்ல பேரு வந்துடும்னு என்னா நிச்சயம்?"

எழுந்து வந்தேன். எந்தத் தண்டனையும் இல்லை. மாத முதல் தேதி சம்பளம் வந்தது. அந்த வருடக் கடைசியில் கொஞ்சம் ஏற்றியும் கொடுத்தார்கள். ஆய்வுக்கு வந்த குழு ஒன்று ரூட்டரைப் பார்த்துவிட்டு, இந்தப் பக்கத்துக் கல்லூரிகளில் இவ்வளவு ஒழுங்காக அடைத்து வைத்த ஒன்றைப் பார்த்ததில்லை என்று முதல்வரிடம் பாராட்டிச் சொன்னது. முதல்வர் என் பக்கம் திரும்பவே இல்லை.

அக்காவின் வீடு எனக்குத் தெரியும். இரண்டு முறை பஸ் ஸ்டாண்டிலிருந்து அந்தத் தெரு முனைவரை நடந்து போய்த் திரும்பியிருக்கிறேன். பதினோரு மாதம் இப்படிப் போனது. பிறகு ஒரு சான்றிதழ் விஷயமாக வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குப் போக வேண்டியிருந்தது. மனுவை நகலெடுக்க எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையில் நின்றேன். மனு டைப் அடிப்பதற்கென்று உள்ளே ஒரு கணினி இருந்தது. அதன் முன்னால் அக்கா உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். காதோரம் நரைத்திருந்தது. ஒரு கிழவருக்குப் பட்டா மாறுதல் மனு அடித்துக்கொண்டிருந்தார். கிழவர் சொல்லச் சொல்ல, கீபோர்டைப் பார்க்காமல் அடித்தார்.

என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க மேடம். எத்தினி காப்பி?" என்றார்.

அந்த 'மேடம்' கிண்டல் இல்லை. கடைக்கு வருகிற எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுகிறார் என்பது போல இருந்தது. கிழவர் போகும்வரை காத்திருந்தேன். பிறகு அங்கே நின்றபடியே சொன்னேன். ரூட்டர் பற்றி அவருக்குப் புரியாத இடங்களில் மறுபடி கேட்டார், நான் மறுபடி சொன்னேன். நடுவில் இரண்டு பேர் நகலெடுக்க வந்தார்கள். எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து, "ம், சொல்லுங்க" என்றார்.

நான் முடித்ததும் அவர் அழவில்லை. மேசை மேல் இருந்த தாள்களைத் தட்டி ஒன்றாக அடுக்கினார்.

"எங்கக்கா இருக்கறா இல்ல, அவ நான்தான் பண்ணேன்னு நம்பறா. திட்டினா பரவால்ல. திட்டல. என் புள்ளைக்காக உன் வேலையவே வுட்டுட்டயேன்னு கையப் புடிச்சிக்கினு அழறா. நல்ல நாளு கெட்ட நாளுன்னா மொதல்ல எனக்குத்தான் பொடவ எடுக்கறா. நான் பண்ணலன்னு சொன்னா, சொல்லாத, எனக்குத் தெரியும்ன்றா. அந்தப் பையனும் அப்பிடித்தான் நெனச்சிக்கினு இருக்கறான். எங்கூட்டுக்காரர் ஒண்ணும் சொல்ல மாட்டாரு. ஆனா அன்னிலேர்ந்து பீரோ சாவிய அவரே வெச்சிக்கினு இருக்காரு."

நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். கல்லூரியில் எல்லோர் முன்னாலும் சொல்லட்டுமா என்றேன்.

"அங்க சொல்லி இன்னா ஆவப்போவுது? நீங்க இப்ப சொன்னத ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க. வூட்ல காட்டணும்."

கடையிலிருந்தே ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக் கொடுத்தார். நின்றபடி எழுதினேன். லேபிலிருந்து ஒருவர் ரூட்டருக்குள் நுழைந்ததற்கான பதிவை என் கண்ணால் பார்த்தேன், அந்தப் பதிவு என்னால் அழிந்தது, மார்க் திருத்தத்தில் இவருக்குச் சம்பந்தம் இல்லை. மூன்று வாக்கியம்தான். கையெழுத்துப் போட்டு நீட்டினேன். அவர் மார்க்ஷீட் ஒத்துப் பார்ப்பது போல விரலை ஓட்டிப் படித்தார். ஒருமுறை, இரண்டுமுறை, மூன்றுமுறை.

"தேதி போடல" என்றார்.

பேனாவை எடுத்தேன். அன்றைய தேதியைப் போட்டால், இத்தனை நாள் நான் எங்கே இருந்தேன் என்று படிப்பவர்கள் எல்லோரும் கேட்பார்கள். அவரும் அதைப் புரிந்துகொண்டிருக்க வேண்டும். "இன்னிக்குத் தேதிதான் போடணும். பழைய தேதி போட்டா இதுவும் பொய்யாப் பூடும்" என்றார். போட்டேன்.

அந்தத் தாளை ஒரு நகல் எடுத்து என்னிடம் கொடுத்தார். எதற்கு என்று புரியவில்லை. என் மனுவின் இரண்டு நகல்களையும் அதோடு சேர்த்து வைத்தார். அதற்குள் கடைக்கு மூன்று பேர் வந்துவிட்டார்கள். மறுபடி வரலாமா என்று கேட்க நினைத்தேன். அவர் திரும்பி அடுத்தவரிடம் "சொல்லுங்க" என்றார்.

நான் எழுதிய தாளை அவருடைய அக்கா படித்தாரா, படித்து நம்பினாரா, இல்லை தங்கச்சியைக் காப்பாற்ற யாரோ எழுதிக் கொடுத்தது என்று நினைத்துக்கொண்டாரா என்று எனக்குத் தெரியாது. அடுத்த வருடமே கல்லூரி வேலையை விட்டேன். அப்பா ஒன்றும் கேட்கவில்லை. தை மாதத்தில் கல்யாணம் ஆனது. கணவரோடு சென்னைக்கு வந்து இதே வேலையைத்தான் தொடர்ந்தேன். எத்தனையோ ரூட்டர்களை மூடியிருக்கிறேன். எங்கள் குழுவில் புதிதாகச் சேருபவர்களிடம், எதையும் மூடும் முன்னால் உள்ளே எழுதியிருப்பதைப் படித்து வேறிடத்தில் சேமித்து வையுங்கள் என்று முதல் நாளே சொல்வேன். ஏன் என்று கேட்டால் அதுதான் முறை என்பேன்.

சில வருடம் கழித்து ஊருக்குப் போனபோது ஒருமுறை வேங்கிக்காலில் இறங்கினேன். அந்த இடத்தில் செல்போன் ரீசார்ஜ் கடை இருந்தது. பக்கத்தில் டீக்கடை வைத்திருந்தவரிடம் விசாரித்தேன். டைப் அடிக்கிற அம்மாவா, அவர்கள் வீட்டையே காலி செய்துகொண்டு வேலூர் பக்கம் போய்விட்டதாகக் கேள்வி என்றார். எப்போது என்று அவருக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. தெரிந்தவரா என்று கேட்டார். ஒரே இடத்தில் வேலை பார்த்தோம் என்றேன். டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னார். பஸ் வந்துவிட்டது என்று சொல்லி, வராத பஸ்ஸுக்காக நிறுத்தத்தில் போய் நின்றேன்.